ஏழு பேர் எதற்கு? ஆட்டத்தின் ஆள் கணக்கு

சாயங்காலம் திடலில் 11 பையன்கள் கூடிவிட்டார்கள். கபடி ஆடலாம் என்று முடிவாகிவிட்டது. பெரியவர்கள் இருவர் தலைவர்களாக நிற்கிறார்கள். மற்றவர்கள் தங்களுக்கு ஏறக்குறைய சமமான ஒருவனோடு ஜோடி சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். “வானத்தை வில்லாய் வளைச்சவன் வேணுமா, மணலைக் கயிறாய்த் திரிச்சவன் வேணுமா?” தலைவன் ஒரு பெயரைச் சொல்கிறான். அந்தப் பெயருக்குரியவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். உத்தி பிரிப்பது என்று இதற்குப் பெயர். சரிக்குச் சமமான இருவர் ஒரே பக்கம் போய்விடாதபடி குழந்தைகளே கண்டுபிடித்து வைத்திருக்கும் அருமையான ஏற்பாடு.

நான்கு ஜோடிகள் பிரிந்தாயிற்று. ஒருவன் மிச்சம். எல்லோரிலும் சின்னவன், யாருக்கோ தம்பி. அவனை வீட்டுக்கு அனுப்ப மனம் வராது. “சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி” என்று ஒரு பக்கம் நிறுத்திவிடுவார்கள். அவனைத் தொட்டால் அவுட் இல்லை. அவன் யாரையாவது பிடித்தாலும் கணக்கில்லை. ஆனால் அவன் ஆட்டத்தில் இருக்கிறான், ஓடுகிறான், கத்துகிறான்.

ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் இரண்டு கேள்விகளுக்குப் பதில் கண்டாகிவிட்டது: எத்தனை பேர்? யாருக்கு என்ன வேலை?

ஒரு விளையாட்டைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் “புள்ளி எப்படிக் கிடைக்கும்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆள் கணக்கை முதலில் கேளுங்கள் என்பேன் நான். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டால், யார் எங்கே நிற்பார்கள், எங்கே இடைவெளி விழும், யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதெல்லாம் அதிலிருந்தே கிளைத்து வரும்.

ஆள் வேறு, பக்கம் வேறு

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதும் எத்தனை பக்கம் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. தாயக்கட்டத்தைச் சுற்றி 4 பேர் உட்கார்ந்தால் நான்கு பக்கம். அதே 4 பேர் ‘எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டு’ என்று பேசிக்கொண்டால் இரண்டே பக்கம். பல்லாங்குழி இருவர் ஆடுவது. ஆனால் தனியாக ஒருவரே ஆடும் முறையும் அதில் உண்டு. சீதைப் பாண்டி என்பார்கள். அசோக வனத்தில் சீதை தனியே இருந்தபோது ஆடியது என்று அதற்கொரு கதையும் சொல்வார்கள். எதிரியே இல்லாத ஆட்டம்.

அடுத்தது, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இருந்தால்தான் ஆட்டம் நியாயமாக இருக்கும் என்று தோன்றும். ஆடுபுலி ஆட்டம் அந்த நினைப்பை அழகாகக் கலைத்துவிடும். ஆடுபவர்கள் இருவர். ஆனால் ஒருவரிடம் 3 புலி, மற்றவரிடம் 15 ஆடு. புலிக்குப் பக்கத்தில் ஓர் ஆடு நின்று, அதற்கு நேர் பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டிக் குதித்து அந்த ஆட்டை வெட்டிவிடும். ஆட்டால் தாண்டவே முடியாது. 15 ஆடுகளையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை இருக்கும் ஆடுகளை நகர்த்தவும் முடியாது. அதற்கு ஒரே வழி, கூட்டமாக நெருங்கிப் புலியை அசைய விடாமல் மடக்குவது. ஆக, பலம் உள்ளவருக்கு ஆள் குறைவு, பலம் இல்லாதவருக்கு ஆள் அதிகம். புலிக்காரரின் வேலை வேட்டை. ஆட்டுக்காரரின் வேலை வேலி கட்டுவது. இருவரும் ஒரே பலகையில் இரண்டு வேறு ஆட்டங்களை ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றே சொல்லலாம்.

நேபாளத்தில் இதற்கு உறவான ஆட்டம் ஒன்று இருக்கிறது, பெயர் பாக் சால். அங்கே பலகையில் 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. பலகையின் வடிவம் வேறு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இங்கே 3-க்கு 15, அங்கே 4-க்கு 20. இரண்டு ஊரிலும் ஒரு புலிக்கு ஐந்து ஆடு! இதைக் கவனித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

வந்தவர்களைப் பிரித்தார்கள்

இந்த எண்களையெல்லாம் யார் முடிவு செய்தார்கள்? பல ஆட்டங்களில் முதலில் யாரும் முடிவு செய்யவில்லை. கூடைப்பந்து எந்த ஆண்டு, யார் கையால் பிறந்தது என்பது தெரிந்த ஆட்டம். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் அதை உருவாக்கினார். அவர் வகுப்பில் 18 மாணவர்கள். எனவே பக்கத்துக்கு 9 பேர். திடலில் நம் பையன்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார்: வந்தவர்களை இரண்டாகப் பிரித்தார். ஓர் அறைக்குள் 18 பேர் ஒரே பந்தின் பின்னால் ஓடினால் என்ன ஆகும்? நெரிசல்தான். 1897 வாக்கில் பக்கத்துக்கு 5 பேர் என்பது நிலைத்துவிட்டது. இன்று கூடைப்பந்தில் நாம் ரசிக்கிற ஓட்டமும், திரும்பி வீசுகிற வேகமும் அந்த 5 பேருக்குக் கிடைத்த காலி இடத்தினால் வந்தவை.

வாலிபாலிலும் 6 பேர் என்பது பிறகு வந்த ஏற்பாடுதான். 1895-இல் அது தொடங்கியபோது எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம். ஆசியாவில் நெடுங்காலம் 9 பேர் ஆட்டம் இருந்தது. வாலிபாலைப் பற்றி அப்புறம் இன்னும் சொல்கிறேன்.

கபடி: எண்ணிக்கையே ஆட்டம்

இப்போது கபடி. தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு என்பதற்காக மட்டும் இதை எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற பல ஆட்டங்களில் ஆள் எண்ணிக்கை தொடக்கத்தில் ஒருமுறை முடிவாகிவிடும், அதோடு சரி. கபடியில் அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எண்ணிக்கை மாறும்போது விதியே மாறும். அதனால் ஆள் கணக்கு என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஓர் அணியில் 12 பேர். களத்தில் 7, வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் 5. எதிரணியின் ரெய்டர், அதாவது இவர்களைத் தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்பிவிட வருபவர், பாடிக்கொண்டு வரும்போது இந்த 7 பேரும் ஒரு வளைவாக நிற்பார்கள். இடது கோடியிலிருந்து சொன்னால்: இடது கார்னர், இடது இன், இடது கவர், நடு, வலது கவர், வலது இன், வலது கார்னர்.

கார்னர் இருவரும் இரண்டு ஓரங்களில் நிற்பவர்கள். ரெய்டர் ஆழமாக உள்ளே வரும்போது அவருடைய பின்னங்காலைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். கால் எட்டும் தூரத்துக்கு வந்த கணத்தில் பாய்ந்து கணுக்காலையோ தொடையையோ பிடிப்பது அவர்கள் வேலை. தவறினால் அவுட். கவர் இருவரும் நடுவை ஒட்டி நிற்பவர்கள். ரெய்டர் திரும்பி ஓடும் வழியை மறிப்பதும், ஓரமாக ஒதுங்கினால் உடம்பால் மோதிக் கோட்டுக்கு வெளியே தள்ளுவதும் இவர்கள் பொறுப்பு. கார்னர் காலைப் பிடித்துவிட்டார், ஆனால் கவர் வந்து சேரவில்லை என்றால் ரெய்டர் அவரையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். பிடிப்பது ஒருவர், முடிப்பது இன்னொருவர்.

‘இன்’ இடங்களிலும் நடுவிலும் பெரும்பாலும் அந்த அணியின் ரெய்டர்கள்தான் நிற்பார்கள். எதிரணி பாடி வரும்போது கார்னரோடு கை கோத்துச் சங்கிலி போட்டு உதவுவார்கள். அடுத்த முறை இவர்களே பாடிப் போக வேண்டும். அதனால் ஒரே ஆள் அரை நிமிடம் காவலர், அடுத்த அரை நிமிடம் வேட்டைக்காரர். ஒரு ரெய்டுக்கு 30 வினாடிதான் நேரம்.

சரி, 7 பேர் எவ்வளவு இடத்தைக் காக்கிறார்கள்? ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இருபுறமும் ஒரு மீட்டர் லாபி உண்டு. ரெய்டருக்கும் பிடிப்பவருக்கும் உடல் படும்வரை அதில் யாரும் கால் வைக்கக்கூடாது. அது போக ஓர் அணியின் பகுதி 8 மீட்டர் அகலமும் 6.5 மீட்டர் நீளமும். 52 சதுர மீட்டர். 7 பேர் இருந்தால் ஆளுக்கு 7 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 3 பேர் மட்டும் மிச்சம் என்றால் ஆளுக்கு 17-க்கு மேல். ஒரே ஒருவர் என்றால் 52-ம் அவர் தலையில். பெண்களுக்குக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆனால் அங்கேயும் 7 பேர்தான். அதனால் பெண்கள் கபடியில் கூட்டம் நெருக்கமாக இருக்கும், ரெய்டருக்கு வழி குறுகலாக இருக்கும்.

எண்ணிக்கை எப்படி விதியை மாற்றுகிறது என்று இப்போது பாருங்கள். ஒவ்வோர் அணியின் பகுதியிலும் இரண்டு குறுக்குக் கோடுகள் இருக்கும். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் உள்ளதை, யாரையும் தொடாத ரெய்டர் கட்டாயம் தாண்டியாக வேண்டும். அதற்கு ஒரு மீட்டர் அப்பால் இருப்பது போனஸ் கோடு. ஒரு காலை அதற்கு அப்பால் ஊன்றி, மற்றக் கால் தரையில் படாமல் இருந்தால் யாரையும் தொடாமலே ஒரு புள்ளி. ஆனால் இந்தச் சலுகை எதிரே 6 அல்லது 7 பேர் நிற்கும்போது மட்டும்தான். 5 பேராகக் குறைந்துவிட்டால் போனஸ் கோடு இருந்தும் இல்லாததுதான்.

அதேபோல் மறுபக்கம். தடுப்பவர்கள் 3 அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்போது ரெய்டரைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளிக்குப் பதில் 2 புள்ளி. சூப்பர் டேக்கிள் என்று வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துவாரே, அதுதான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு படம் கிடைக்கும். 7-6 பேர் நின்றால் ரெய்டருக்குச் சலுகை, ஏனென்றால் உள்ளே போவது ஆபத்து. 3, 2, 1 என்றால் தடுப்பவர்களுக்குச் சலுகை, ஏனென்றால் பிடிப்பது கடினம். நடுவில் 5, 4 என்ற எண்களில் யாருக்கும் எந்தச் சலுகையும் இல்லை. என் பார்வையில் கபடியில் மிகக் கஷ்டமான இடம் இதுதான். தடுக்கும் அணிக்கு இடைவெளி விழத் தொடங்கிவிட்டது, ஆனால் பிடித்தாலும் ஒரே புள்ளி. 4 பேரோடு நிற்கும் அணியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவர்கள் பின்வாங்கிப் பின்வாங்கி நிற்பார்கள்.

வெளியே போனவர்கள் எப்படித் திரும்புவார்கள்? தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால், வெளியே இருப்பவர்களில் ஒருவர் உள்ளே வரலாம். முதலில் போனவர் முதலில் வருவார், வரிசை மாறாது. போனஸ் புள்ளிக்கு இந்த உரிமை கிடையாது. வெளியேறியவருக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரரை இறக்கவும் முடியாது. ஆகவே ஓர் அணியின் முக்கிய ரெய்டர் மூன்றாவதாக அவுட் ஆனார் என்று வையுங்கள். அவருக்கு முன்னால் இருவர் காத்திருக்கிறார்கள். அவர் திரும்ப வேண்டுமானால் அணி எதிராளிகள் மூவரை அவுட் ஆக்க வேண்டும். எதிரணிக்கும் இந்தக் கணக்கு தெரியும். அவரை வெளியிலேயே உட்கார வைத்திருப்பதற்காக அவர்கள் வம்புக்குப் போகாமல், சும்மா போய்ச் சும்மா திரும்புவார்கள். அப்படியே நேரத்தைக் கழித்துவிடவும் முடியாது. புரோ கபடி லீக்கில் அடுத்தடுத்து இரண்டு ரெய்டு புள்ளியில்லாமல் முடிந்தால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் ரெய்டர் அவுட்.

7 பேரும் வெளியேறிவிட்டால் ஆல் அவுட். எதிரணிக்கு 2 புள்ளி கூடுதல். ஆனால் அந்த 7 பேரும் ஒன்றாகத் திரும்பி வருவார்கள், முக்கிய ரெய்டர் உட்பட. கடைசியாக ஒருவர் மட்டும் நிற்கும்போது களத்தில் நடப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் மனம் அடித்துக்கொள்ளும். கார்னர், கவர், ரெய்டர் என்று பிரிந்து கிடந்த எல்லா வேலையும் அந்த ஓர் உடம்பில் வந்து சேர்ந்துவிடும். அவர் பாடிப் போகும்போது அவருக்குப் பின்னால் அவருடைய பகுதி வெறிச்சென்று கிடக்கும்.

இப்படி வெளியே போவதும் திரும்புவதும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பழைய கபடியில் மூன்று வகை உண்டு. சஞ்சீவனி என்பதில் அவுட் ஆனவர், தன் அணி எதிராளியை அவுட் ஆக்கும்போது உயிர்பெற்று வருவார். இன்றைய ஆட்டம் இந்த வழியில் வந்தது. காமினியில் போனவர் போனவர்தான், அணி முழுவதும் வெளியேறினால்தான் மறுபடி எல்லோரும் வருவார்கள். அமரில் அவுட் ஆனாலும் வெளியே போக வேண்டியதில்லை, எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேரும். ஆள் குறையாத கபடி. மூன்றிலும் பாடிப் போவதும் பிடிப்பதும் ஒன்றுதான். ஆள் கணக்கை எப்படி வைத்துக்கொள்வது என்ற ஒரே இடத்தில்தான் வேறுபாடு. அந்த ஓர் இடம் ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. காமினியில் முதலில் அவுட் ஆன பையன் எவ்வளவு நேரம் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலை

ஓரத்தில் உட்கார்வது ஒன்று. களத்தின் நடுவே உட்கார்வது வேறொன்று. கோ-கோவில் துரத்தும் அணிக்கு 9 பேர். அதில் 8 பேர் வரிசையாக, ஒருவர் இந்தப் பக்கமும் அடுத்தவர் அந்தப் பக்கமும் பார்த்துக் குந்தியிருப்பார்கள். ஒருவர் மட்டும்தான் துரத்துவார். ஓடும் அணியிலிருந்து மூன்று மூன்று பேராக உள்ளே வருவார்கள். துரத்துபவர் ஒரு திசையில் ஓடத் தொடங்கினால் திரும்பக்கூடாது, குந்தியிருப்பவர்களுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் போகவும் கூடாது. ஓடுபவர்களுக்கோ அந்தத் தடை இல்லை, இப்படியும் அப்படியும் புகுந்து வளைந்து ஓடலாம்.

இப்படிக் கையைக் கட்டிப்போட்ட ஒருவரால் மூவரை எப்படிப் பிடிக்க முடியும்? முடியாது. அதற்குத்தான் அந்த 8 பேர். மறுபக்கம் பார்த்துக் குந்தியிருப்பவரின் முதுகில் தட்டிக் ‘கோ’ சொன்னால் அவர் எழுந்து பாய்வார், சொன்னவர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். துரத்தும் வேலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அரை வினாடியில் கைமாறுகிறது. பெயர்தான் குந்தியிருப்பது. கண் முழுக்க ஓடுபவர் மேல் இருக்கும், கால் எழுந்து பாயத் தயாராக இருக்கும்.

வாலிபால் இதற்கு நேர்மாறான யோசனையில் நிற்கிறது. அங்கே 6 பேர், முன்வரிசையில் 3, பின்வரிசையில் 3. எதிரணியிடமிருந்து சர்வீஸ் உரிமையைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் சுற்றும் திசையில் எல்லோரும் ஓரிடம் நகர வேண்டும். இன்று வலையருகே எழும்பி அடிப்பவர் சற்று நேரத்தில் பின்னால் குனிந்து பந்தை எடுக்க வேண்டும். அதாவது வேலை ஆளோடு ஒட்டியிருக்கவில்லை, இடத்தோடு ஒட்டியிருக்கிறது. யாரும் எதையும் ‘எனக்கு வராது’ என்று ஒதுக்க முடியாது.

ஆனால் ஆட்டக்காரர்களின் உயரமும் அடியின் வேகமும் கூடக்கூடப் பின்னால் நின்று பந்தை எடுப்பது அரிதாகிப்போனது. அதற்காக 1998-இல் சர்வதேச ஆட்டத்தில் லிபரோ என்ற புது ஆளைக் கொண்டுவந்தார்கள். தனி நிறச் சட்டை போட்டுப் பின்வரிசையில் மட்டும் நிற்பவர். சர்வதேச விதிப்படி அவர் சர்வீஸ் போடக்கூடாது, வலையருகே எழும்பித் தடுக்கவும் கூடாது. எதிராளி அடிக்கும் பந்தைத் தரை தொடாமல் எடுப்பதே அவருக்கு முழுநேர வேலை. உயரம் குறைந்த, ஆனால் கால் வேகமும் துணிச்சலும் உள்ள எத்தனையோ பேருக்கு அணியில் இடம் கிடைத்தது இந்த விதியால்தான். 6 என்ற எண் மாறவே இல்லை, அதற்குள் ஒரு புது வேலை மட்டும் பிறந்தது. விளையாட்டு விதிகளில் நான் மிகவும் மதிக்கும் மாற்றம் இது.

அடுத்த முறை எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் பந்தையோ ரெய்டரையோ மட்டும் பார்க்காமல், ஆட்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யார் எந்த இடத்தைக் காக்கிறார், அவர் போய்விட்டால் அந்த இடம் யாருடைய பொறுப்பாகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் கபடி ஓடும்போது வீட்டுச் சின்னவர்களிடம் “இப்போது உள்ளே எத்தனை பேர், போனஸ் உண்டா இல்லையா?” என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு ஆட்டத்துக்குள் அவர்கள் உங்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்துவிடுவார்கள்.

திடலில் நம் பையன்கள் இதற்குள் கோடு கீறிவிட்டார்கள். சப்பாணியை விட்டுப் பார்த்தால் பக்கத்துக்கு 5 பேர்தான் என்பதால், கடைசிக் கோட்டைக் குதிகாலால் இரண்டடி உள்ளே தள்ளிக் கீறியிருக்கிறார்கள். யாரும் அவர்களுக்குச் சதுர மீட்டர் கணக்குச் சொல்லித்தரவில்லை. 5 பேருக்குப் போனஸ் கிடையாது, அதனால் அந்தக் கோடு போடவில்லை. சப்பாணி ஓரமாக நின்று கத்திக்கொண்டிருக்கிறான். நாளைக்குத் தெருவிலிருந்து இன்னொரு சின்னப் பையன் வந்துவிட்டால் போதும். இவனுக்கு ஜோடி கிடைக்கும், இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். பக்கத்துக்கு 6 பேர் ஆகிவிடும். போனஸ் கோட்டையும் கீற வேண்டியிருக்கும்.